வீடியோ காலில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா, ஃபாதர்?

நாற்பதுகளில் இருக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை வீட்டில் வைத்துத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். வேலையும் வீட்டிலிருந்தபடியேதான். குருவானவர் இருக்கும் கோவில் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னொருவருக்கு நஷ்டம் உண்டாக்கிய ஒரு பழைய செயல் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை இப்போதைய பங்குத்தந்தையிடம் சொல்ல வெட்கம். அவர் குடும்பத்துக்குப் பழக்கமானவர். முன்பு பங்கில் இருந்து வெகுதூரம் மாறிப்போன வயதான குருவானவரிடம் வீடியோ காலில் சொல்லிவிடலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியும் விட்டார். அவரிடமிருந்து வந்த பதில்: “இதில் வேண்டாம்மா. அழித்துவிடு. நேரில் வா, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் குருவானவரிடம் போ.” இந்தப் பதில் அவரைக் காயப்படுத்திவிட்டது. கதவை அடைத்தது போல இருந்தது என்கிறார். அதன்பின் இணையத்தில் ‘ஆன்லைன் பாவமன்னிப்பு’ என்று அழைத்த ஒரு தளத்தில் படிவத்தைப் பாதி நிரப்பி, பணம் கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டார்.

அவர் கேட்கிறார்: “நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார், முகமும் தெரிகிறது. அப்புறம் என்ன குறை? கொரோனா காலத்தில் திருச்சபையே ஃபோனில் அனுமதித்ததாமே? திருத்தந்தையின் ஆசீர் தொலைக்காட்சி வழியாகச் செல்லும் என்றால் இது ஏன் செல்லாது? நூற்றுவர் தலைவரின் பணியாளரை இயேசு தூரத்தில் இருந்தபடியே குணமாக்கவில்லையா? பேச்சு போன என் அப்பாவுக்காக நானே ஃபோனில் சொல்லி மன்னிப்பு வாங்கித் தர முடியாதா?”

அன்புச் சகோதரி,

அந்தப் பழைய செயலைக் கடிதத்தின் நடுவில் விவரமாகவே எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதியை இங்கே வெளியிடவில்லை. என்னிடம் இருந்த பிரதியிலும் அழித்துவிட்டேன். நான் குருவானவர்தான், திருச்சபைச் சட்டம் படித்தவன், தினமும் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கும் திருச்சடங்கு) வழங்குகிறவன். ஆனால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதத்தை வாசிப்பது பாவசங்கீர்த்தனம் கேட்பது ஆகாது. இனி யாரிடம் ஆலோசனை கேட்டாலும் ‘ஒரு பெரிய பாவம்’ என்று மட்டும் எழுதுங்கள். அதுவே போதும்.

கேள்விக்கு நேரடியான பதில்: ஃபோனிலோ வீடியோ காலிலோ கத்தோலிக்க ஒப்புரவு அருட்சாதனம் நடக்காது. குருவானவரும் பாவமன்னிப்புக் கேட்பவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம், அதாவது அதுவரை கடவுளிடமிருந்து நான் துண்டிக்கப்பட்டவள் என்பது, சரியல்ல. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த வரிதான்.

கொரோனா காலத்தில் நடந்தது என்ன

உங்களுக்கு யாரோ சொன்னது தவறு. 2020 மார்ச்சில், ஒப்புரவு தொடர்பான விஷயங்களைக் கவனிக்கும் உரோமை அலுவலகமான பாவமன்னிப்பு நீதிமன்றம் ஒரு குறிப்பு வெளியிட்டது. ஃபோன் வழிப் பாவசங்கீர்த்தனத்துக்கு அதில் அனுமதி இல்லை. அது சொன்னவை வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, பெரும் அவசரத்தில் ஆயரின் தீர்ப்புப்படி பலருக்கு ஒரே நேரத்தில் பொதுப் பாவமன்னிப்பு வழங்கலாம். மற்றொன்று, குருவானவரை அணுகவே முடியாதவர்களுக்கு உத்தம மனஸ்தாபம் (கடவுள்மேல் உள்ள அன்பால் வரும் மனத்துயர்) என்ற வழி திறந்திருக்கிறது.

அந்தப் பொதுப் பாவமன்னிப்புக்கு அவர்கள் காட்டிய உதாரணத்தைக் கவனியுங்கள். தொற்றால் சாகக் கிடக்கிறவர்கள் உள்ள மருத்துவமனை வார்டு. குருவானவர் அதன் வாசலில் நிற்கிறார். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக, முடிந்தவரை ஒலிபெருக்கும் கருவியைப் பயன்படுத்தலாம் என்றது குறிப்பு. கருவி இருக்கிறது, ஆனால் குருவானவரும் வாசலில் இருக்கிறார். அந்த நாட்களில் பல நாடுகளில் குருக்கள் வாகன நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மக்கள் காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். இடைவெளி இருந்தாலும் இருவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் திருச்சபை இந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் தலைவராக இருந்த கர்தினால் மௌரோ பியாசென்சாவிடம் வத்திக்கான் நாளிதழ் இதைக் கேட்டது. மின்னணுக் கருவி வழியாகத் தரப்படும் பாவமன்னிப்பு பெரும்பாலும் செல்லாது என்றுதான் கொள்ள வேண்டும் என்றார். பாவமன்னிப்புக் கேட்பவர் உண்மையில் அங்கே இல்லை, போய்ச் சேருவது குருவானவரின் சொற்களை நகலெடுத்த மின் அதிர்வுகள்தான் என்பது அவர் சொன்ன காரணம். ‘பெரும்பாலும்’ என்றால் கொஞ்சம் செல்லும்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அருட்சாதனங்களில் செல்லுமா செல்லாதா என்ற சந்தேகம் வந்தால், சந்தேகம் இல்லாத வழியைத்தான் பிடிக்க வேண்டும். எட்டு ஆண்டுப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, இறங்கியதா இல்லையா என்று நீங்கள் ராத்திரி யோசித்துக்கொண்டு கிடக்கக் கூடாது.

முகம் தெரிகிறதே, அப்புறம் என்ன குறை?

இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததல்ல. கடிதம் எழுதியோ ஆள் அனுப்பியோ தொலைவில் இருக்கும் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி, அவரிடமிருந்து தொலைவிலிருந்தே மன்னிப்பும் பெறலாம் என்று பழைய நாட்களிலும் சிலர் வாதாடினார்கள். 1602-இல் திருத்தந்தை எட்டாம் கிளமென்ட் அதைத் தவறு என்று கண்டித்தார். தொலைபேசி வந்து பத்து ஆண்டுகூட ஆகாத 1884-இல், மிக அவசரமான நேரத்தில் அதன் வழியாக மன்னிப்புத் தரலாமா என்று உரோமையிடம் கேட்டார்கள். ‘இதற்குப் பதில் சொல்வதற்கில்லை’ என்பதுதான் கிடைத்த பதில். 2002-இல் இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில் வத்திக்கான் தெளிவாகவே சொல்லிவிட்டது: இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை. 2011-இல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிக்க உதவும் ஒரு ஐஃபோன் செயலி வந்து உலகெங்கும் செய்தியானபோது, வத்திக்கான் பேச்சாளராக இருந்த அருட்தந்தை பெதெரிகோ லொம்பார்தி, ஆத்தும சோதனைக்கு அது உதவலாம், ஆனால் ஐஃபோன் வழியாகப் பாவசங்கீர்த்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்.

ஒப்புரவின் வடிவம் மாறவே இல்லையா என்றால், நிறைய மாறியிருக்கிறது. முதல் நூற்றாண்டுகளில் பெரும் பாவங்களுக்குச் சபையின் முன் நீண்ட தவம் இருந்தது. தனியாக, திரும்பத் திரும்ப வந்து செய்யும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். ஆண்டுக்கு ஒரு முறையாவது என்ற கட்டளை 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கத்தில் (ஆயர்களின் பொதுக்கூட்டத்தில்) வந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருந்தது, மன்னிப்புக் கேட்கும் மனிதர் மன்னிப்பைச் சொல்லும் மனிதரின் முன் வந்து நிற்பது. அந்த முன்னிலைக்கு எத்தனை தூரம் என்று பழைய அறநெறி நூல்கள் இருபது தப்படி வரை கணக்குச் சொல்லின. அந்த அளவுக்கு இதை அக்கறையாகப் பார்த்தார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? உயிர்த்த இயேசு சீடர்கள் நடுவில் வந்து நின்று, அவர்கள்மேல் ஊதி, “எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்” என்றார் (யோவான் 20:23). அருட்சாதனங்கள் எல்லாமே இப்படி உடலோடு நடக்கிறவை. தண்ணீர் தலையில் விழ வேண்டும், எண்ணெய் நெற்றியில் பட வேண்டும். ஒப்புரவில் தண்ணீரோ எண்ணெயோ இல்லை. அங்கே வந்து நிற்கும் நீங்களேதான் அடையாளம். உங்கள் மனத்துயர், உங்கள் வாயால் வரும் பாவ அறிக்கை, பரிகாரம் செய்ய உங்களுக்கு உள்ள மனது. கையை உயர்த்தி குருவானவர் சொல்லும் மன்னிப்பின் சொற்கள் இவற்றின்மேல் வந்து இறங்குகின்றன. முகம் தெரியவேண்டும் என்பது விதியே அல்ல. இருவருக்கும் நடுவில் உள்ள மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குருவானவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நிலையான தட்டி இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது (சட்டம் 964). முகம் மறைந்திருந்து, ஆள் அங்கே இருப்பதே இதில் வழக்கம். வீடியோ கால் இதைத் தலைகீழாக்குகிறது: முகத்தைக் காட்டி ஆளை எடுத்துவிடுகிறது.

நூற்றுவர் தலைவரின் பணியாளரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. கடவுளுக்குத் தூரம் தடையே இல்லை. நற்கருணை வாங்கும் முன் அந்த மனிதரின் சொற்களைத்தானே ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்கிறோம். ஆனால் இயேசு அங்கே தம் வல்லமையால் குணமாக்கினார். அருட்சாதனம் திருச்சபையின் கையில் அவர் ஒப்படைத்துச் சென்ற ஒரு செயல். அதை நடத்தும் முறையை மாற்ற ஒரு தனிக் குருவானவருக்கு அதிகாரம் இல்லை. திருத்தந்தையின் ‘ஊர்பி எத் ஓர்பி’ (நகருக்கும் உலகுக்கும்) ஆசீரைத் தொலைக்காட்சி வழியாகப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அது ஆசீரும், அதோடு வரும் பரிபூரண பலனும் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) மட்டுமே, அருட்சாதனம் அல்ல. அந்தப் பரிபூரண பலனுக்கே பாவசங்கீர்த்தனம் ஒரு நிபந்தனை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் கேட்பார்கள். திருமணத்தைப் பதிலாள் மூலம் செய்யச் சட்டம் இடம் தருகிறதே என்று (சட்டம் 1104, 1105). சரிதான். திருமணம் இருவரின் சம்மதத்தால் உண்டாகிறது, சம்மதத்தை எழுத்தில் கொடுத்து அனுப்பலாம். மனத்துயரை அப்படி யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது.

இதில் என் சொந்தக் கருத்தும் உண்டு. நேரில் வரச் சொல்வது பலவீனமானவர்களைப் பாதுகாக்கும் விதி என்று நான் நினைக்கிறேன். வீடியோ காலில் அந்தப் பக்கம் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. திரை பதிவாகிறதா என்று தெரியாது. நேரிலும் யாராவது கள்ளத்தனமாகப் பதிவு செய்யலாம். அதற்காகத்தான் 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள திருத்திய தண்டனைச் சட்டத்தில், பாவசங்கீர்த்தனத்தில் பேசுவதைக் கருவியில் பதிவு செய்கிறவர்களுக்கும் பரப்புகிறவர்களுக்கும் தண்டனை வைத்திருக்கிறார்கள் (சட்டம் 1386). ஆனால் கதவை மூடிய ஒரு அறையில் இரண்டு பேர் மெல்லிய குரலில் பேசுவதைவிடப் பத்திரமான ஏற்பாட்டை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அந்தச் செய்தி

அந்த வயதான குருவானவர் மேல் உங்களுக்குள்ள வருத்தம் புரிகிறது. நான்கு பக்கம் எழுதிவிட்டு இரண்டு வரிப் பதிலைப் பார்த்தால் வலிக்கும்தான். ஆனால் அவர் உங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அந்தச் செய்திக்கு ‘மன்னித்துவிட்டேன்’ என்று பதில் போட்டிருந்தால் செல்லாத ஒன்றை நம்பி நீங்கள் இருந்திருப்பீர்கள்.

அது பாவசங்கீர்த்தன முத்திரைக்குள் (இரகசியக் காப்புக்குள்) வருமா என்று கேட்டிருந்தீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும், எந்த விதத்திலும் வெளியிடக் கூடாது (சட்டம் 983). நேரடியாக மீறினால் அந்தக் கணமே சபை விலக்குக்கு ஆளாகிறார், அதை நீக்கும் அதிகாரம் திருப்பீடத்துக்கு மட்டுமே. வாட்ஸ்அப் செய்தி அருட்சாதனம் அல்ல என்பதால் அந்த முத்திரை அதன்மேல் அதே கண்டிப்போடு விழாது. அதற்காக அவர் யாரிடமும் சொல்லலாம் என்று ஆகாது. ஆன்மீக ஆலோசனைக்காகக் குருவானவரிடம் மனம் திறந்து சொல்வதற்கும் சிறப்பான இரகசியக் காப்பு உண்டு என்று 2019-இல் பாவமன்னிப்பு நீதிமன்றம் வெளியிட்ட குறிப்பு வலியுறுத்துகிறது. அவரைப் பற்றிப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது ஃபோனைப் பற்றித்தான். செய்தியை இரு பக்கமும் அழித்துவிட்டாலும் பேக்கப்பில் தங்கியிருக்கலாம். உங்கள் கணக்கு வேறு டேப்லெட்டிலோ கணினியிலோ திறந்திருந்தால் அதையும் பாருங்கள்.

பணம் கேட்ட அந்தத் தளத்தை உடனே விட்டுவிடுங்கள். பாவமன்னிப்புக்குக் கட்டணம் என்ற ஒன்று திருச்சபையில் கிடையாது. பாதி நிரப்பிய படிவத்தில் உங்கள் பெயரும் எண்ணும் இருந்தால், அதை வைத்து யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். திரைப்பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையிடம் போங்கள்.

அப்பாவின் விஷயம்

அப்பாவுக்காக நீங்கள் ஃபோனில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட இது எளிது, ஏனென்றால் அப்பா கோவிலுக்குப் போக வேண்டியதில்லை. நோயாளியிடம் வருவது பங்குத்தந்தையின் கடமைகளில் ஒன்று. ‘இரண்டு மணி நேரம் யார் வருவார்கள்’ என்று நீங்களே முடிவு செய்துகொண்டு எட்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள். ஃபோன் இதற்குத்தான் உதவும்.

அப்பாவால் பேச முடியாது, ஆனால் புரிந்துகொள்கிறார், தலை அசைக்கிறார், இடது கை அசைகிறது என்கிறீர்கள். அது தாராளமாகப் போதும். இப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் கேட்பது இப்படித்தான்: வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வோம். கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம் என்றால் அழுத்துங்கள்” என்போம். யார் மீதாவது கோபம் இருக்கிறதா, கடவுளை விட்டு விலகியிருந்தீர்களா, யாருக்காவது தீங்கு செய்த வருத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, மெதுவாக. சில கேள்விகளுக்கு விரல்கள் விடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அவரால் முடிந்த அளவு தெரிவித்தால் அது முழுமையான பாவ அறிக்கைதான். அவர் சைகை உங்களுக்கு மட்டுமே புரியும் என்றால், அவர் சம்மதித்தால் நீங்கள் மொழிபெயர்ப்பாளராக உடன் இருக்கச் சட்டம் இடம் தருகிறது (சட்டம் 990). அப்போது நீங்களும் அந்த இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் முதலில் தனியாக முயலட்டும். மகளின் முன் சொல்ல முடியாதது அப்பாவுக்கும் இருக்கலாம்.

கூடவே நோயில்பூசுதலும், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனமும், கேளுங்கள். கடைசி மூச்சுக்குத்தான் அது என்று பயந்து தள்ளிப்போடும் குடும்பங்களைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தம். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். நோயாளியால் பாவசங்கீர்த்தனம் செய்யவே இயலாத நிலை வந்தால், அந்த அருட்சாதனமே பாவமன்னிப்பையும் தருகிறது. ஒருவேளை திடீரென்று மோசமானால் எந்தக் குருவானவரையும் கூப்பிடலாம். வழக்கமாகப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் இல்லாதவர்கூட, சாவு ஆபத்தில் உள்ளவருக்கு மன்னிப்புத் தரலாம் (சட்டம் 976). யாரும் வந்து சேர முடியாவிட்டால் அப்பாவின் கையில் பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் இயேசு உள்ள உருவத்தை) கொடுத்து, காதருகில் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுங்கள். வாழ்நாளில் செபித்து வந்தவர் தக்க மனநிலையோடு இறக்கும்போது, குருவானவர் இல்லாவிட்டாலும் திருச்சபை அவருக்குப் பரிபூரண பலன் அளிக்கிறது.

அப்பாவுக்காக குருவானவர் வீட்டுக்கு வரும் நாளில், அவர் கிளம்பும் முன், “ஃபாதர், எனக்கும்” என்று நீங்கள் சொல்லலாம். பக்கத்து அறையில் பத்து நிமிடம் போதும்.

அதுவரை

குருவானவர் வரும்வரை கடவுள் உங்கள் செபத்தைக் கேட்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லவே இல்லை. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு செய்வதால் வரும் மனத்துயரை உத்தம மனஸ்தாபம் என்கிறோம். முடிந்த விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு அது இருந்தால், சாவான பாவத்துக்கும் (கடவுளோடுள்ள உறவை முறிக்கும் பெரிய பாவத்துக்கும்) மன்னிப்புக் கிடைக்கிறது. 1551-இல் திரெந்து சங்கம் இதைச் சொன்னது, இன்றைய மறைக்கல்வி நூலும் சொல்கிறது. 2020 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ், குருவானவர் கிடைக்காதவர்கள் கடவுளோடு நேரடியாகப் பேசுங்கள், அவர் உங்கள் தந்தை என்று மக்களுக்கு நினைவூட்டியபோது இதைத்தான் எளிமையாகச் சொன்னார். சின்ன வயதில் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப மந்திரத்தை இன்று ராத்திரியே நிதானமாக, அர்த்தத்தோடு சொல்லுங்கள். அழுகை வந்தால்தான் மனஸ்தாபம் என்றில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘முடிந்த விரைவில்’ என்பது ‘வசதிப்படும்போது’ ஆகாது. பாவசங்கீர்த்தனம் செய்யாமலிருக்க, உண்மையிலேயே இயலாமை இருந்தால்தான் விலக்கு (சட்டம் 960). இரண்டு மணி நேரப் பேருந்தும், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் பெரிய கஷ்டம், ஆனால் எட்டு ஆண்டு இயலாமை ஆகாது. நற்கருணையைப் பொறுத்தவரை, அந்தப் பெரிய பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் பெறுவதுதான் வழக்கமான வழி. அதுவரை, நற்கருணையை மனதால் விரும்பிப் பெறும் ஆன்மீக நற்கருணை செபத்தைச் சொல்லி வாருங்கள்.

அதேபோல், ஞாயிறு திருப்பலிக்குப் போகாததை எண்ணி எண்ணிப் பாவக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். விட்டுவிட்டு வர முடியாத நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஞாயிறுகளில் நீங்கள் அப்பாவின் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தீர்கள். அது பாவம் ஆகாது.

யாரிடம் போவது என்பது

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூரம் நிஜம்தான், ஆனால் அதைவிடப் பெரிய தடை பங்குத்தந்தைக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியும் என்பது. அதில் குறை ஒன்றும் இல்லை, மனித இயல்பு. அதற்கும் வழி இருக்கிறது. எந்தக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பது உங்கள் சுதந்திரம் (சட்டம் 991). பங்குத்தந்தையிடம்தான் என்று எங்கும் இல்லை. பெரிய கோவில்களிலும் திருத்தலங்களிலும் வெளியூர்க் குருக்கள் உட்காரும் நாட்கள் உண்டு. தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டால் நீங்கள் யாரென்றே தெரியாது. பெயர் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு நாளுக்கு அப்பாவோடு இருக்க உறவினர் ஒருவரை, அல்லது பங்கில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் ஒருவரைக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், ‘கோவிலுக்குப் போக வேண்டும்’ என்றால் போதும்.

பங்குத்தந்தையிடமே சொன்னாலும், அதற்குப்பின் அவர் அந்த அறிவைப் பயன்படுத்தி உங்களுக்குப் பாதகமாக எதையும் செய்ய முடியாது (சட்டம் 984). நீங்களாக எடுக்காதவரை, உங்களிடமே வெளியே அதைப் பற்றி அவர் பேசக் கூடாது.

அந்தச் செயலால் இன்னொருவருக்கு நஷ்டம் என்றீர்கள். குருவானவர் அதை ஈடுகட்டுவது பற்றிக் கேட்பார், அதைக் கேட்டுப் பதறாதீர்கள். ஈடுகட்டுவதற்காக உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. மொத்தமாக முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, தேவைப்பட்டால் வேறொருவர் மூலமாக என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். இந்தப் பேச்சுக்காகவே கேட்டுப் பதில் சொல்ல ஒரு ஆள் எதிரில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது, வரிசையாக: இந்த வாரமே பங்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, “அப்பா படுக்கையில் இருக்கிறார், பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் நற்கருணையும் வேண்டும், ஃபாதர் எப்போது வர முடியும்?” என்று கேளுங்கள். இதை ஃபோனில் சொல்ல எந்தத் தடையும் இல்லை. உங்கள் முறை வரும்போது, அது வீட்டிலோ தட்டிக்குப் பின்னாலோ, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். “எட்டு வருஷம் ஆச்சு ஃபாதர், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, கேட்டுக் கேட்டு உதவி செய்யுங்கள்” என்று சொன்னாலே போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.